பெயரில்லாச் சீட்டுகள்

சனிக்கிழமை எமகண்டம் பிற்பகல் மூன்று மணிக்கு முடிகிறது. அதுவரை அந்தக் கூடத்தின் கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்ததும் முதலில் துடைப்பச் சத்தம், பிறகு அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடும் சத்தம். கும்பகோணத்தில் கடைத்தெரு இரைச்சல் எட்டாத ஒரு குறுக்குத் தெரு. யாரோ ஒரு அம்மாள் மாதர் சங்கத்துக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போன பழைய வீடு. அதன் முன்கூடம்தான் கூட்டம் நடக்கும் இடம்.

ஆடி மாதம். வாசல் வழியாக நுழையும் காற்று, மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரை உப்ப வைத்து மறுபடியும் சுவரில் அறைகிறது. செயலாளர் தன் தோளிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, பேனரின் ஓரத்தைத் திரைச்சீலையோடு சேர்த்துக் குத்துகிறார். 'பெண்களும் சொத்துரிமையும்' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே பேச வரும் வழக்கறிஞரின் பெயர், பட்டங்கள். மாதம் ஒரு சிறப்பு விருந்தினர் என்பது இங்கே பல காலத்து வழக்கம். போன மாதம் தைராய்டு பற்றி ஒரு டாக்டர் பேசினார். அதற்கு முந்தைய மாதம் வங்கி அதிகாரி ஒருவர் வந்து, போனில் ஓடிபி கேட்பவன் எவனாக இருந்தாலும் சொல்லாதீர்கள், பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். அந்த எண் இன்னும் கரும்பலகையின் மூலையில் அழியாமல் இருக்கிறது.

கூட்டம் சேருவதைக் கடைசி வரிசையிலிருந்து பார்க்க வேண்டும். முதல் வரிசையில் யாரும் உட்காருவதில்லை. "முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க" என்று செயலாளர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இரண்டாம் வரிசை ஓய்வு பெற்ற டீச்சர்களுக்கு உரியது. யாரும் ஒதுக்கித் தரவில்லை, அப்படி அமைந்துவிட்டது. நடுவில் அக்கம்பக்கத் தெருக்காரர்கள் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து, கைப்பையை வைத்துக் காத்திருப்பார்கள். சுவரை ஒட்டி சுவாமிமலையிலிருந்தும் வலங்கைமானிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். கதவுக்குப் பக்கத்து நாற்காலிகள் ஐந்தரைக்குள் வீடு திரும்ப வேண்டியவர்களுடையவை. மாமியாருக்கு மாத்திரை, பேரனுக்கு டியூஷன், வாசலில் பால் பாத்திரம். கூட்டத்தில் இருக்கும்போதும் அவர்கள் ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே வைத்திருப்பார்கள். அங்கேயே ஒருவர் மடியில் வாழைநாரும் கதம்பமும் வைத்துக்கொண்டு பூத்தொடுக்கிறார். அவர் கை நிற்பதே இல்லை.

இந்த முறை ஒரு தாயும் மகளும் வந்திருக்கிறார்கள். மகளுக்குப் புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள் இன்னும் போகவில்லை. ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர வேண்டாமென்று அம்மா கூட்டி வந்திருப்பார் போல.

சுவரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படம் மாட்டியிருக்கிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர், பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், 1927இல் சென்னை சட்டமன்றத்தின் துணைத்தலைவர். அவரை அந்த இடத்துக்குக் கொண்டு சென்றதில் மாதர் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1917இல் அடையாறில் அன்னி பெசன்ட் தலைமையில், மார்கரெட் கசின்ஸும் டாரதி ஜினராஜதாசாவும் முன்னின்று இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு முடிவதற்குள், இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட குழு சரோஜினி நாயுடு தலைமையில் போனது. 1921இல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலில் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது சென்னை மாகாணச் சட்டமன்றம். அந்தக் காலத்துக் கூட்டங்களிலும் இப்படித்தான் கதவோரத்தில் சிலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். சில ஆண்டுக்குள் நாட்டின் சட்டத்தை அசைத்த கூட்டங்கள் அவை.

மூன்றரைக்கு ஆரம்பம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பின்வரிசை அம்மாள் ஒருவர் முழங்கால் வலியோடு, முன்னால் இருக்கும் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்; பாட்டு முடிந்தும் உடனே உட்கார முடியவில்லை. குத்துவிளக்கு. வரவேற்புரை. தலைவியின் சில வார்த்தைகள். போன மாத அறிக்கை. சிறப்பு விருந்தினர் அறிமுகம். பிறகு பொன்னாடை. பொன்னாடை போடுவதைப் படமெடுக்கும் போன் நின்றுவிட்டதால், போர்த்தியதை எடுத்து இன்னொரு முறை போர்த்தினார்கள். கடிகாரத்தில் மணி நாலு ஐந்து.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மரியாதை வேண்டும், வெளியூரிலிருந்து காசு வாங்காமல் வந்து பேசுகிறவருக்கு ஒரு துண்டாவது போர்த்தத்தான் வேண்டும். ஆனால் கதவோரத்தில் இருக்கும் பெண்ணுக்கு வாரத்தில் கிடைத்த இரண்டு மணி நேரம் அது. அதில் முப்பத்தைந்து நிமிடம் அறிமுகத்துக்கே போனால், அவளுக்கு வேண்டியது வருவதற்குள் அவள் எழுந்து போக வேண்டியிருக்கும். எத்தனையோ கூட்டத்தில், கேள்வி நேரம் ஆரம்பிக்கும்போது அந்த நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளைப் பருத்திப் புடவை, கறுப்புப் பட்டை வைத்த கைக்கடிகாரம். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவில் வந்து நின்றார். "இங்க யார் யாருக்கு அண்ணன் தம்பி இருக்காங்க?" என்றார். ஏறக்குறைய எல்லாக் கையும் உயர்ந்தது. "அவங்க யாரும் கெட்டவங்க இல்ல. அத முதல்லயே சொல்லிடறேன்" என்றார். கூடத்தில் இறுக்கம் தளர்ந்ததை உணர முடிந்தது. சொத்து என்ற சொல்லைக் கேட்டதும் தங்களை அண்ணன்மேல் ஏவிவிட ஒருவர் வந்திருக்கிறாரோ என்ற அச்சம் பாதிப் பேருக்கு இருந்திருக்கும்.

கரும்பலகையில் நான்கு ஆண்டுகளை எழுதினார். 1956, 1989, 2005, 2020. அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் ஒரு குடும்பக் கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனார்.

1956இல் வந்தது இந்து வாரிசுரிமைச் சட்டம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடோ நிலமோ, அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகன், மகள், மனைவி, அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சமபங்கு. "இது அம்பத்தாறுலயே வந்தாச்சு. பொண்ணுக்கு இப்பத்தான் பங்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க." ஆனால் தாத்தா, கொள்ளுத்தாத்தா வழியாக வரும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை ஆணுக்கு மட்டுமே இருந்தது.

அதைத் தமிழ்நாட்டில் மாற்றியது 1989. அதற்கு அறுபது ஆண்டு முன்னால், 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். "ஒரு கூட்டத்துல கை தூக்கினது சட்டமா வர அறுபது வருஷம் ஆச்சு" என்றார் வக்கீலம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா 1989 மார்ச் 25ஆம் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு அது இல்லைன்னு வெச்சுட்டாங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குக் கூடம் முழுக்க விரல்கள் அசைந்தன. இரண்டாம் வரிசை டீச்சர்கள், சுவரோரத்துப் பெண்கள், நடுவரிசை மாமிகள், எல்லோரும் தத்தம் கல்யாண வருஷத்தைக் கணக்குப் பார்த்தார்கள். "எனக்கு எம்பத்தேழு." "எனக்குத் தொண்ணூத்தி ஒண்ணு ஆவணி." ஒரு அம்மாளுக்கு மூத்த மகன் பிறந்த வருஷம்தான் நினைவிருந்தது, அதிலிருந்து பின்னோக்கி எண்ணினார். ஆடிக்கு வந்த மகள் தன் அம்மாவின் காதில் ஏதோ கேட்க, அம்மா மோதிர விரலை மடித்து, "எம்பத்தஞ்சு தை" என்றார். பூத்தொடுப்பவரின் கை முதல்முறையாக நின்றது.

2005 செப்டம்பர் 9 முதல் அந்தத் தடுப்பு இல்லை. மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு, எப்போது கல்யாணம் ஆகியிருந்தாலும் மகளுக்கும் மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை என்று ஆனது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவு செய்தோ கோர்ட்டு மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைத் திரும்பக் கலைக்க முடியாது. அப்பா 2005க்கு முன்பே இறந்துவிட்டால் மகளுக்கு இந்த உரிமை உண்டா என்று பதினைந்து ஆண்டு இழுபறி. வெவ்வேறு தீர்ப்புகள். 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருகிறது.

இவ்வளவையும் பாடமாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் கண் செருகியிருப்பார்கள். அவர் சொன்ன இன்னொரு கதைதான் கூடத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. நாராயணி தேவி என்ற பெண். கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவர் இறந்தார். புகுந்த வீட்டார் வெளியே அனுப்பிவிட்டார்கள். பெற்றவர்கள் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், வங்கியில் பணம், வருங்கால வைப்பு நிதி என்று சேர்த்தார். உயில் எழுதாமல் 1996இல் இறந்தார். அந்தப் பணத்தைப் பெற்ற தாய் கேட்டார். விரட்டிவிட்ட கணவர் வீட்டு உறவினர்களும் கேட்டார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் கணவர் வீட்டாருக்கே கொடுத்தது. பெண் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, கணவரும் பிள்ளைகளும் இல்லாவிட்டால், கணவரின் வாரிசுகளுக்குப் போன பிறகுதான் பெற்றவர்களுக்கு வரும் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

"பெத்தவளுக்கு இல்லையா?" என்று யாரோ சத்தமாகவே கேட்டார்கள். மைக் இல்லாமலேயே கூடம் முழுக்கக் கேட்டது.

"அதனாலதான் சொல்றேன். உங்க பேர்ல ஒரு கிராம் தங்கம் இருந்தாலும் உயில் எழுதி வையுங்க. முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைப் பேப்பர் போதும். ரெண்டு சாட்சி உங்க எதிர்ல கையெழுத்துப் போடணும். பதிவு பண்றது கட்டாயம் இல்ல, பண்ணினா நல்லது."

தனியாக வாழும் பெண்கள் அந்தக் கூடத்தில் சிலர் இருந்தார்கள். கணவரை இழந்தவர்கள், பிள்ளை இல்லாதவர்கள். அவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் கைப்பையிலிருந்து பழைய டைரியை எடுத்து, 'வெள்ளை பேப்பர், 2 சாட்சி' என்று எழுதியது நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது.

பேச்சு முடிந்ததும் செயலாளர் எழுந்து, "கேள்வி இருக்கறவங்க சீட்டுல எழுதிக் குடுங்க. பேர் எழுத வேண்டாம்" என்று அறிவித்தார். ஆறேழு பேனாக்கள் கைமாறத் தொடங்கின. இந்தச் சீட்டு வழக்கத்தை இந்தச் சங்கத்தில் யார் கொண்டுவந்தார்களோ அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். எழுந்து நின்று மைக்கில் கேட்கச் சொன்னால் இரண்டாம் வரிசை டீச்சர்கள் மட்டும்தான் கேட்பார்கள். பெயரில்லாத சீட்டு வந்ததும் சுவரோரம் எழுதுகிறது, கதவோரம் எழுதுகிறது. எழுத வராதவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்லி எழுதச் சொல்கிறார். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக் கொடுப்பார். அடுத்த மாதம் சந்திக்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இந்த நாகரிகத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் சீட்டு, நாள்காட்டித் தாளின் பின்புறம். 'எனக்குத் தெரிந்த ஒருவரின் அப்பா தவறிப் பல வருடம் ஆகிறது. அண்ணன் தன் பேருக்குப் பட்டா மாற்றிவிட்டார். இனி கேட்க முடியுமா?' எல்லாச் சீட்டிலும் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' வருவார்.

"பட்டா அண்ணன் பேர்ல இருக்கறதாலயே தங்கச்சி பங்கு போயிடாது" என்றார் வக்கீலம்மா. "முதல்ல வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. இப்ப ஆன்லைன்லயே எடுக்கலாம். அதுல பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், கிரயம் எதாவது பதிவாயிருக்கான்னு தெரிஞ்சுடும். ஆனா நாளைக் கடத்தாதீங்க."

இரண்டாவது, நான்காக மடித்த நோட்டுத்தாள். 'அம்மா செத்த பதினாறாம் நாள் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினார்கள். ஆறு மா நஞ்சை. ஐம்பதாயிரம் கொடுத்தார்கள். படித்துப் பார்க்கவில்லை.' ஆறு மா என்றால் இந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், இரண்டு ஏக்கர். காவிரிப் பாசனத்து நஞ்சை. கேள்வி என்று எதுவும் அந்தச் சீட்டில் இல்லை. நடந்ததை மட்டும் எழுதியிருந்தது.

வக்கீலம்மா அதை இரண்டாம் முறை மனதுக்குள் படித்தார். பொய்யான ஆறுதல் சொல்லவில்லை. "பதிவான விடுதலைப் பத்திரத்தை உடைக்கறது கஷ்டம். படிக்கலைங்கறது மட்டும் காரணமாகாது. ஏமாத்தி வாங்கினாங்கன்னு நிரூபிக்கணும். அது தெரிஞ்ச நாள்லேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். இத எழுதினவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைத் தனியா பாருங்க. பத்திரத்தப் பார்க்காம நான் எதுவும் சொல்லக் கூடாது." யார் எழுதியது என்று பார்க்க ஒரு தலையும் திரும்பவில்லை. எனக்கும் தெரியாது.

மூன்றாவது சீட்டில் ஒரே வரி. 'பங்கு கேட்டால் பொங்கல் சீர் நின்றுவிடாதா?'

சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் பெரியது. மஞ்சள் கொத்தும் கரும்பும் புதுப்பானையுமாகத் தம்பி வந்து வாசலில் நிற்கும் அந்த ஒரு நாளில், புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் தலைநிமிர்வை ரூபாயில் கணக்கிட முடியாது. தனக்கென்று கேட்க ஆள் இருக்கிறது என்று மாமியாருக்கும் ஓரகத்திக்கும் தெரிய வேண்டிய நாள் அது. பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மகள் கல்யாணத்துக்கு மாமன் மாலை வேண்டும். ஆறு மா நிலத்தை ஒரு பக்கம், இதை ஒரு பக்கம் என்று வைத்துத்தான் நம் பெண்கள் காலகாலமாகக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறார்கள். விவரம் தெரியாமல் போட்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். பலர் விலை தெரிந்தேதான் கொடுத்தார்கள். கொடுத்ததற்கு யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் என் ஆற்றாமை. சீர் வாங்கியவள் என்று சொல்வார்கள். நிலம் கொடுத்தவள் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எங்க வீட்லயும் இதே பேச்சு நடந்துது" என்று ஆரம்பித்தார். "தம்பிகிட்ட நான் ஒண்ணுதான் சொன்னேன். என் பங்கு எவ்வளவுன்னு முதல்ல பத்திரத்துல எழுது. எழுதினப்புறம் அதை நான் உனக்குக் குடுக்கறேனா, எடுத்துக்கறேனாங்கறத நான் முடிவு பண்றேன். முதல்ல கோவிச்சுக்கிட்டான். ரெண்டு பொங்கல் சீர் வரலை. மூணாவது பொங்கலுக்கு வந்தான். எல்லார் தம்பியும் அப்படி வருவாங்கன்னு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது."

யாரும் கைதட்டவில்லை. பேச்சின் நடுவில் பலமுறை கைதட்டியவர்கள் இதற்குத் தட்டவில்லை. சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

முஸ்லிம் சகோதரி ஒருவர் சீட்டில் எழுதாமல் எழுந்தே கேட்டார், இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா என்று. பொருந்தாது, இந்த நான்கு வருஷமும் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உரியவை, முஸ்லிம்களுக்கு ஷரியத்படி மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு உண்டு, அதையாவது கொடுக்கிறார்களா என்று கேளுங்கள் என்றார் வக்கீலம்மா. கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமம் என்றும் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சர் ஒருவர், "எங்க வீட்ல அது பேப்பர்ல மட்டும்தான் மேடம்" என்றார்.

அடுத்த சீட்டு மருந்துக்கடைக் கவரைக் கிழித்து எழுதியது. எழுத்து பெரிது பெரிதாக, வரி கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. 'என் பேரில் உள்ள வீட்டை மகன் எழுதித் தரச் சொல்கிறான். தரலாமா?' இதில் மட்டும் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' இல்லை.

அவசரப்பட வேண்டாம் என்றார் வக்கீலம்மா. உயில் என்றால் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், நினைத்தால் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் பத்திரம் என்றால் பதிவு செய்த அன்றே வீடு கைமாறிவிடும். எழுதியே கொடுக்க வேண்டிய நிலை என்றால், கடைசிவரை என்னை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து பிள்ளை கவனிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். "நிபந்தனைய எழுத வெட்கப்படாதீங்க. பெத்த புள்ளைகிட்ட நிபந்தனையான்னு கேப்பாங்க. கேக்கட்டும்."

முழங்கால் வலிக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டு அவருடையதா என்று நினைக்க எனக்கு உரிமை இல்லை.

மணி ஐந்து இருபது. காபி வந்துவிட்டது. கதவோரத்து நாற்காலிக்காரர்கள் அன்று மூன்று பேர்தான் எழுந்து போயிருந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், குக்கர்ல அரிசி வெச்சிருக்கேன், அடுப்பைப் பத்த வெச்சு மூணு சத்தம் வந்ததும் நிறுத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்கள். கையில் காபி டம்ளரோடு வக்கீலம்மாவைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே நாலைந்து பேர், தங்கள் முறை வரட்டுமென்று வடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

தாயும் மகளும் தண்ணீர்க் குடத்துக்கு அருகில் நின்றிருந்தார்கள்.

"மாமா ஆவணியில பத்திரம் கொண்டு வர்றேன்னாரே, அத முதல்ல வக்கீலம்மாகிட்ட காட்டலாம்மா."

"உனக்குக் காது குத்தினப்ப யார் மடியில உக்கார வெச்சோம்?"

"மாமா மடியிலதான். அதுக்கும் பத்திரத்தைப் படிக்கறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அம்மா பதில் சொல்லவில்லை. காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவி, கூடையில் கவிழ்த்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக வட்டத்துக்குள் நுழைந்தார். "ஏம்மா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தப் பத்திரத்தோட நகலை நாம கேக்கலாமா? தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

"வரைவுன்னு கேளுங்க. எல்லாரும் கேக்கறதுதான். ரெண்டு நாள் வீட்ல வெச்சுப் படிச்சுட்டுத் தர்றேன்னு சொல்லுங்க. உங்க பொண்ணு படிச்சுச் சொல்லும் இல்ல?"

"அது நல்லாப் படிக்கும்" என்றார் அம்மா. அப்படிச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது. பெண் என்ற ஒன்றே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 எண்ணுக்கும் போன் செய்யலாம். வக்கீலம்மா சொல்லச் சொல்ல, பூத்தொடுப்பவர் எழுந்து போய்க் கரும்பலகையில், 1930க்குக் கீழே, அந்த எண்ணை எழுதினார். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் இடம் விட்டு, பெரிதாக.

சீட்டுகள் இன்னும் ஒன்பது பாக்கி. செயலாளர் அவற்றை அறிக்கைப் புத்தகத்துக்குள் வைக்கப் போனார். வக்கீலம்மா கை நீட்டி வாங்கிக்கொண்டு, "இதுக்கெல்லாம் பதில் சொல்லாம விட்டா எப்படி? அடுத்த மாசம் எப்ப கூட்டம்?" என்று கேட்டார். அடுத்த மாதத்துக்குக் கண் டாக்டரைச் சொல்லியாகிவிட்டது. அவரை மாற்ற முடியாது. தலைவி டீச்சர் கொஞ்ச நேரம் கடிகாரத்தையும் கதவோரத்து நாற்காலிகளையும் பார்த்தார். "அறிக்கைய அடுத்த மாசம் படிக்க வேண்டாம். வரவேற்புரை நான் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன்" என்றார். "பொன்னாடையும் எனக்கு வேண்டாம் டீச்சர், ஒண்ணு வாங்கியாச்சு" என்றார் வக்கீலம்மா.

டீச்சரே சாக்பீஸை எடுத்து அறிவிப்பை எழுதினார். ஆவணி இரண்டாம் சனி. 3.15: சீட்டுகளுக்குப் பதில். 4.15: கண் மருத்துவர்.